இரைச்சல் இசையைச் சிலரால் எப்படி ரசிக்க முடிகிறது?

மெட்டையும் தாளத்தையும் நம்பாமல், இரைச்சலையே மூலப்பொருளாக எடுத்துக்கொள்வதுதான் நாய்ஸ் இசை. இயந்திரச் சத்தமும் இசைக்குள் வர வேண்டும் என்று இத்தாலிய ஓவியர் லூயிஜி ருசோலோ 1913-லேயே எழுதினார். 1979-இல் டோக்கியோவில் மசாமி அகிதா என்ற இசைக்கலைஞர் 'மெர்ஸ்போ' என்ற பெயரில் தொடங்கிய இசை முயற்சிதான் இதன் உச்சம் என்பேன்.

முதலில் ஏன் எரிச்சல் வருகிறது? அலறலைப் போல வேகமாக ஏறி இறங்கும் கரகரப்பை மூளை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கப் பிடிமானமும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கும்போது அந்தப் பதற்றம் தணிந்து, காது விவரங்களைப் பிரிக்கத் தொடங்குகிறது.

தகரக் கூரையில் பெய்யும் மழையை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரே இரைச்சல். சும்மா படுத்துக் கேட்டால், ஓரத்தில் வழியும் நீர், விட்டு விட்டு விழும் பெரிய துளி, காற்று திரும்பும்போது மாறும் வேகம் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். மெட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, நாய்ஸ் இசையையும் இப்படி ஐந்து நிமிடம் கேளுங்கள்.

காது கிழியும்படி வைத்தால்தான் இது பிடிபடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மிதமான ஒலியளவில்தான் அடுக்குகள் தெளிவாகக் கேட்கும், காதும் கெடாது.