மலையகத்திற்கு ஒரு தொழில்முறை உதைபந்தாட்ட அணி: முதலில் கான் வெட்டுங்கள்

கேள்வி: இலங்கையின் தொழில்முறை உதைபந்தாட்ட லீக்கை விரிவாக்கிப் பிராந்திய அணிகளைச் சேர்த்தால், மலையகம் அதற்கு ஈடுகொடுக்குமா? தகுந்த மைதானம் இருக்கிறதா, புதிதாகக் கட்ட வேண்டுமா? அணிக்கு என்ன பெயர் வைக்கலாம்?

பதில்:

ஈடுகொடுக்கும். புதிதாகக் கட்ட வேண்டாம். பெயருக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். பத்து வருடம் கோல் காப்பாளனாக நின்றேன். முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபின் ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்கு மத்தியஸ்தரானேன். இப்போது ஹட்டனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். குழாய் விற்பவன் கான், அதாவது வடிகால் வாய்க்கால், பற்றித்தான் பேசுவான் என்று பின்னால் நீங்கள் சிரிக்கக்கூடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

2021இல் நாட்டின் தொழில்முறை லீக்கான சூப்பர் லீக் தொடங்கியபோது அதில் பத்து அணிகள் இருந்தன. முப்படை சார்ந்தவை மூன்று: டிஃபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ். கொழும்பு நகரத்துக்கு மூன்று: கொழும்பு எஃப்.சி., ரினோன், ரட்ணம். மேற்குக் கரையோரத்துக்கு மூன்று: களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார், வென்னப்புவை நியூ யங்ஸ். மிச்சமிருந்த ஒரேயொரு இடம் நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் அணிக்கு. படையினரை விட்டுவிட்டுப் பார்த்தால், வென்னப்புவைக்கும் பேருவளைக்கும் இடையிலான கரையைத் தாண்டியதும் லீக் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. வடக்குக்கும் கிழக்குக்கும் ஒன்றுகூட இல்லை. அவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போலும், 2018இலேயே மாவட்டப் பெயர்களைத் தாங்கிய அணிகள் பலவற்றுடன் வடக்கு-கிழக்கு பிரிமியர் லீக்கைத் தாங்களாகவே நடத்திக் காட்டியிருந்தார்கள். சூப்பர் லீக்கின் முதல் கிண்ணத்தைப் புளூ ஸ்டார் வென்றது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் அந்தத் தடை நீங்கியது. அந்தக் கதையில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது.

எங்கள் தோட்டத்து மைதானம் மலையைச் சீவி எடுத்த ஒரு துண்டு. மேல்பக்கம் மேட்டு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கீழ்ப்பக்கம் தேயிலை, அதற்கும் கீழே ஆறு. பந்து கீழ்ப்பக்கம் உருண்டால் ஆட்டம் பத்து நிமிடம் நின்றுவிடும். ஆகவே எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது: கீழே அடித்தவனே இறங்கிப்போய் எடுத்துவர வேண்டும். இதனால் எங்கள் ஊரில் அந்தப் பக்கத்து விளிம்பில் விளையாடிய பையன்கள் எல்லோரும் பந்தைக் காலோடு ஒட்டியே வைத்திருக்கப் பழகினார்கள். வெளியூர் அணிகள் அதைத் திறமை என்று மெச்சின. சோம்பல் என்பது எங்களுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் கோல் வாசலில் கணுக்கால் அளவு சேறு. காலுறைக்குள் இரத்தம் குடிக்கும் அட்டை. வீட்டிலிருந்து இறங்கும்போதே காலில் சவர்க்காரத்தை அப்பிக்கொள்வோம். பாதி ஆட்டத்தில் அது கரைந்துவிடும். பனிமூட்டம் இறங்கினால் எதிர் கோல் தெரியாது. ஆரவாரம் கேட்டால் நாம் அடித்துவிட்டோம் என்று பொருள். ஒன்றும் கேட்காவிட்டால் பந்து என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இருபது வயதில் கொழும்பில் ஒரு கழகத்தின் வீரர் தெரிவுக்குப் போனேன். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். முதல்நாள் இரவே புறப்பட்டுப் போய், புறக்கோட்டையில் பையைத் தலைக்கு வைத்து விடியும்வரை படுத்திருந்தேன். பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம் நிறுத்தினார்கள். அதற்குள் கோலை நோக்கி வந்தவை இரண்டே பந்துகள். இரண்டையும் பிடித்தேன். “ஊர் எது தம்பி?” என்று கேட்டார் பயிற்றுநர். சொன்னேன். “வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வர முடியுமா?” என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விழுகின்ற பேரை (நாட்சம்பளத்தை) நம்பி அடுப்பெரியும் வீட்டில் பஸ் காசை யாரிடம் கேட்பது? “பார்க்கிறேன் சேர்” என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். இன்று தேசிய அணியில் வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளியினர் பலர் ஆடுகிறார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைச் சமநிலை தவிர்ப்பு உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்குப் போனார்கள், நானும் கைதட்டினேன். ஆனால் ஜேர்மனியிலிருந்து தேசிய அணிக்கு இருக்கிற வழி பொகவந்தலாவையிலிருந்து இல்லையே என்று அன்றிரவு தோன்றாமல் இல்லை.

பிராந்திய அணி என்றால் எனக்கு இவ்வளவுதான்: பயிற்சி முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் அணி. கண்டியில் ஓர் அணியை வைத்துவிட்டு மலையகத்துக்கு இடம் கொடுத்தாயிற்று என்பார்கள். ஹட்டன்காரனுக்குக் கண்டி போய்த் திரும்புவது ஒரு நாள் வேலை. போகம்பரை மைதானம் நல்ல மைதானம்தான், ஆனால் அந்த நகரத்தின் காதல் ரகர் (ரக்பி) மீது.

இனி மைதானம். சர்வதேச ஆட்டங்களுக்கான வழக்கமான ஆடுகளம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். அதாவது 7,140 சதுர மீற்றர். அதன் மீது 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 71,400 லீற்றர் தண்ணீர். பத்தாயிரம் லீற்றர் தண்ணீர் பவுசர்கள் ஏழினைக் கொண்டுவந்து ஆட்டத்துக்குச் சற்று முன் நடுவில் திறந்துவிட்டதற்குச் சமம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் வட்டவளையில் பத்து மில்லிமீற்றரை யாரும் மழை என்றே சொல்வதில்லை.

எங்கள் பக்கத்து மைதானங்கள் பெரும்பாலும் மண்ணை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ரோலர் ஓட்டி இறுக்கியவை. இறுக்கிய மண் தண்ணீரைக் குடிக்காது. செய்ய வேண்டியது பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆடுகளத்தின் நடுவைச் சற்றே உயர்த்தி இரு பக்கமும் மெல்லிய சரிவு கொடுக்க வேண்டும். புல்லின் வேருக்குக் கீழே மணல், மணலுக்குக் கீழே சல்லி, சல்லிக்குள் துளையிட்ட குழாய்கள் மீன்முள் போல ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் மைதானத்துக்குள் நுழையாதபடி மேல்பக்கத்தில் ஆழமான கான் ஒன்று வேண்டும். கான் வெட்டுவதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த மலைகளில் தேயிலை நிற்பதே அவர்கள் வெட்டிய கான்களால்தான். செயற்கைப் புல் போடலாமே என்று கடைக்கு வரும் சிலர் கேட்கிறார்கள். போடலாம். அதற்கும் அடியில் இதே வடிகால் வேண்டும், அதோடு எட்டுப் பத்து ஆண்டுகளில் மொத்தமாக மாற்றவும் வேண்டும். யார் காசில்?

அமைச்சர்கள் மைதானம் என்றதும் பார்வையாளர் மேடையைக் கட்டுவார்கள். மேடைக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், நிலத்தடிக் குழாய்க்கு வைக்க முடியாது.

மழையைப் பற்றி இன்னொன்று. மலையகத்துக்கு இரண்டு மழைக்காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நாவலப்பிட்டி, கினிகத்தேனைப் பக்கத்தை ஊறவைக்கும்; அப்போது மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் வறண்ட காற்று வீசும். வருட முடிவில் வடகீழ் மழை பதுளை, பண்டாரவளையைப் பிடித்துக்கொள்ளும். தை பிறந்த பிறகு எங்கள் பக்கம் வெயில் வரும். ஆகவே என் யோசனை இரண்டு அணிகள். மேற்குச் சரிவுக்கு ஒன்று, ஊவாவுக்கு ஒன்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மேற்கு அணி சொந்த மைதானத்தில் ஆடட்டும், ஊவா அணி வெளியே போகட்டும், ஜூனிலிருந்து தலைகீழாக. அட்டவணை தயாரிப்பவர் கொழும்பு வானத்தை அண்ணாந்து பார்த்து அதைத் தயாரிக்காமல் இருந்தால் போதும்.

மின்விளக்குக் கோபுரங்களும் எனக்கு வேண்டாம். இரவு ஆட்டம் தொலைக்காட்சிக்கு அழகு. ஆனால் தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ் மாலையிலேயே புறப்பட்டுவிடும். அதற்குப் பின் முச்சக்கர வண்டிக்காரர் கேட்கும் காசு டிக்கெட் விலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சனிக்கிழமையும் சரிவராது. பெண்கள் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வர மாலையாகிவிடும். ஆட்டம் ஞாயிறு அல்லது போயா தினம், பிற்பகல் இரண்டு மணி. பனி இறங்குவதற்கு முன் முடித்துவிடலாம். பெண்கள் வருவார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் சுற்றுப்போட்டிகளில் மேலே ரோட்டோரம் குடையோடு நின்று என்னைத் திட்டியவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். உள்ளே வராததற்குக் காரணம் கழிப்பறை இல்லாதது. தகுந்த மைதானம் என்பதன் பட்டியலில் வடிகாலுக்கு அடுத்தபடியாக நான் எழுதுவது அதைத்தான்.

வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்கு இரண்டு. ஜப்பானின் ஜே-லீக் 1993இல் பத்து அணிகளுடன் தொடங்கியது. அதுவரை கம்பனிகளின் பெயரில் ஆடிய அணிகள் ஊர்ப் பெயருக்கு மாறின. இன்று மூன்று பிரிவுகளில் 60 அணிகள். மைதான அளவும் பிரிவுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது: மேல் பிரிவுக்கு 15,000 பேர், இரண்டாவதற்கு 10,000, மூன்றாவதற்கு 5,000. அந்தப் படிக்கட்டில் ஏறியவர்களில் ஒருவர் மலைகள் சூழ்ந்த மத்சுமோத்தோ நகரின் யமாகா. ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்த ஒரு காப்பிக்கடையில் கூடியவர்கள் 1965இல் தொடங்கிய அணி அது. பெயரும் அந்தக் கடையின் பெயர்தான். 2015இல் மேல் பிரிவில் ஆடியது.

எனக்கு அதைவிட நெருக்கமானது மிசோரமின் ஐஸ்வால். செங்குத்தான மலைமீது தொங்கிக்கொண்டிருக்கும் ஊர். 2012இல் அவர்கள் தங்கள் மாநிலத்துக்கென்று ஒரு பிரிமியர் லீக்கைத் தொடங்கி, உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். ஐஸ்வால் எஃப்.சி. இந்தியாவின் ஐ-லீக்குக்குப் போனது, முதல் பருவத்திலேயே கீழே தள்ளப்பட்டது, வேறு அணிகள் விலகியதால் திரும்பச் சேர்க்கப்பட்டது. அந்தப் பருவத்தில், 2017 ஏப்ரல் 30 அன்று, ஷில்லாங்கில் 1-1 என்று சமன்செய்து கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு போனது.  நான் அந்த ஆட்டத்தைக் கடையில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருவருக்குச் சீமெந்துக் கணக்கைத் தவறாகப் போட்டேன்.

சரி, நம்மிடம் எவை இருக்கின்றன? நாவலப்பிட்டியில் ஜயதிலக்க மைதானம். லீக் பார்த்த அணியும் அங்கேயே இருக்கிறது, ரயில் பாதையும் உண்டு. மேற்குச் சரிவுக்கு அதுதான் வீடு. ஹட்டனில் டன்பார் மைதானம் பயிற்சிக்கும் இளையோர் அணிக்கும். பதுளையில் வின்சன்ட் டயஸ் மைதானம் ஊவாவுக்கு. நோர்வூட்டில் தொண்டமான் மைதானம் இருக்கிறது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி அங்கே பேசினார். 2020 மே 31 அன்று தொழிற்சங்கத் தலைவர் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியைகளும் அங்கேதான் நடந்தன. மக்கள் எத்தனை பேர் வந்து கூட முடியும் என்பதை மோடி வந்த நாள் காட்டிவிட்டது. எங்கள் மைதானங்கள் எல்லாவற்றுக்குமே இந்த வாழ்வு உண்டு: மே தினம், கானிவல், தேர்தல் கூட்டம். மறுநாள் போய்ப் பார்த்தால் லொறிச் சக்கரம் பதிந்த தடத்தில் தவளை நீந்தும். லீக் மைதானமாக அறிவித்தால் அதற்குள் வாகனம் இறக்கக்கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளூராட்சி மன்றத்திடமிருந்து வாங்குவது சுலபம், தொழிற்சங்கங்களிடமிருந்து வாங்குவதுதான் சிரமம்.

புதிதாக மலையைக் குடைந்து கட்டலாம் என்பவர்கள் 2025 நவம்பரில் டித்வா புயல் இந்தச் சரிவுகளை என்ன செய்தது என்று நினைத்துக்கொள்ளட்டும். தோட்டத்துக்குள் சமதரை கிடைக்குமே என்றால், 1992க்குப் பின் அந்தக் காணிகளின் நிர்வாகம் கம்பனிகளின் கையில். ஒரு கோல் கம்பம் நடுவதற்கே துரையின் (தோட்ட முகாமையாளரின்) கையெழுத்து வேண்டும். இருப்பதைத் திருத்துவது வேகமான வழி.

கடைசியாகப் பெயர். சங்கத் தலைவர் பெயரோ கம்பனிப் பெயரோ வேண்டாம் என்பதில் எனக்கு உறுதி. சிங்கமும் புலியும் போதுமான அளவு ஆடிவிட்டன. கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது என் மகன் ‘அட்டைகள்’ என்று வைக்கச் சொன்னான். வேலைக்கு நிற்கும் பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து வரும் அணி பாதி ஆட்டத்தில் காலுறையைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை எண்ணிப் பார்த்தேன்.