கடை விழுந்தால் வீடும் போகுமா?

தம்பி, லண்டனில் மச்சானோடு சேர்ந்து வீடு வாங்கப் போவதாகவும், தனியாகப் பலசரக்குக் கடை போடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். கடை நட்டத்தில் விழுந்தால் வீடும் போகுமா என்று கேட்கிறீர்கள். போகலாம். ஆனால் தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் தடுக்கலாம்.

சொந்தப் பெயரில் நடத்தினால் கடையின் கடன் உங்கள் கடன். கடன் கொடுத்தவர்கள் வீட்டில் உள்ள உங்கள் பங்குவரை வருவார்கள். லிமிட்டட் கம்பனியாகப் பதிந்தால் கடன் பெரும்பாலும் கம்பனியோடு நிற்கும். நம்மாட்கள் பலர் அதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்குப் பயமே அங்கேதான். கடை லீசுக்கோ வங்கிக் கடனுக்கோ போனால் டைரக்டரின் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பார்கள். கையெழுத்து வைத்தீர்களென்றால் அந்தக் கடனுக்குக் கம்பனி உங்களைக் காக்காது. ஊரில் லோனுக்குப் பிணை நின்ற வாத்தியாரின் சம்பளத்தில் வெட்டியதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே பிணைதான், உங்கள் கம்பனிக்கு நீங்களே நிற்கிறீர்கள். முழுத் தொகைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உச்சவரம்பு கேளுங்கள். லீஸ் என்றால், உத்தரவாதத்துக்குப் பதில் சில மாத வாடகையை டிப்பொசிட்டாக எடுக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள். இறங்கி வருகிறவர்கள் உண்டு.

வீட்டு விசயத்தை, மச்சான்தானே என்று வாய்ப்பேச்சோடு விடக் கூடாது. இங்கிலாந்துச் சட்டத்தில் சேர்ந்து வாங்க இரண்டு வழி. ‘ஜொயிண்ட் டெனன்ட்ஸ்’ என்றால் ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்குத் தானாகப் போகும். உங்கள் பங்கை மனைவிக்கு உயில் எழுதினாலும் செல்லாது. ‘டெனன்ட்ஸ் இன் கொமன்’ என்றால் ஆளாளுக்குத் தனிப் பங்கு. உங்களுக்கு அதுதான் பொருந்தும். யார் எவ்வளவு போட்டார், ஒருவர் விலக நினைத்தால் என்ன செய்வது என்று ‘டிக்ளரேஷன் ஒஃப் டிரஸ்ட்’ என்ற பங்குப் பத்திரம் எழுதுங்கள், கூடவே உயிலும். பங்கு பாதியென்றாலும் மோர்கேஜ், அதாவது வீட்டை ஈடுவைத்து எடுக்கும் கடன், பாதியல்ல. மச்சான் கட்டாவிட்டால் வங்கி முழுவதையும் உங்களிடம் கேட்கும்.

மட்டக்களப்பில் வீட்டைப் பெண்பிள்ளைக்கு எழுதுவதுதானே நம் வழக்கம், இங்கேயும் பிறகு என் பங்கை மனைவி பெயருக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கடன் நெருக்கும்போது மாற்றினால் நிற்காது. நீங்கள் வங்குரோத்தானால், 1986ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டப்படி (இன்சொல்வென்சி அக்ட்), அதற்கு முந்தைய 5 வருடங்களில் சும்மா எழுதிக் கொடுத்ததை நீதிமன்றம் திருப்ப முடியும்.

லீஸ் பேப்பர் வந்ததும் கடைச் சொந்தக்காரரின் சொலிசிட்டர் (சட்டத்தரணி) சொல்வதை நம்பாமல், உங்களுக்கென்று ஒருவரைப் பிடித்துக் காட்டுங்கள். அதுவரை பேனையைத் தொடாதீர்கள்.