மறுசுழற்சிப் பிரசார ஆய்வு: எங்கே தொடங்குவது?

பாலிடெக்னிக் வடிவமைப்புப் பாடத்துக்காக மறுசுழற்சிப் பிரசாரங்களை ஆராய வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இணையத்தை அப்புறம் பார்க்கலாம்; முதலில் உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் நீல மறுசுழற்சித் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. குழம்பு ஒட்டிய டப்பா, கசங்கிய டிஷ்யூ, பாதி குடித்த பபிள் டீ. அதில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாது என்கிறது சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம். ஆக, மக்கள் போடாமல் இல்லை, தப்பாகப் போடுகிறார்கள்.

மறுசுழற்சிப் பொருள்களைச் சேர்த்துவைக்க 2023ல் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த ‘புளூபாக்ஸ்’ பெட்டியையும் பாருங்கள். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் வீட்டில் அது இப்போது வெங்காயக் கூடை! ஏன் இப்படி ஆகிறதென்று நாலு வீட்டில் விசாரியுங்கள். பச்சை இலை போட்ட போஸ்டர் மட்டும் வேண்டாம்.