மோட்டார் போட எழுந்தாரா என்று கேளுங்கள்

கேள்வி: எம்.டி. பொது மருத்துவம் முடித்திருக்கிறேன். வயது 29. எம்.டி.க்கு மேலான சிறப்புப் படிப்புகளுக்கு நடக்கும் நீட் எஸ்.எஸ். தேர்வில் எனக்கு வந்திருக்கும் ரேங்குக்கு நியூராலஜியும் (நரம்பியல்) கிடைக்கும், கேஸ்ட்ரோவும் (குடல், இரைப்பை மருத்துவம்) கிடைக்கும் என்கிறார்கள். மனசு நியூராலஜி பக்கம்தான் போகிறது. ஆனால் எம்.பி.பி.எஸ். நாளிலிருந்தே அந்தப் பாடம் என்றால் உள்ளுக்குள் ஒரு பயம். "எல்லாத்தையும் ஸ்கேனே சொல்லிடுது. நோயைக் கண்டுபிடிக்கலாம், குணப்படுத்த முடியாது, எதுக்கு இன்னும் 3 வருஷம்?" என்கிறார் சீனியர் ஒருவர். வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு. நியூராலஜிதான் என்றால், அரசு மருத்துவக் கல்லூரியில் டி.எம். என்கிற சிறப்புப் பட்டம் படிப்பதா, நகரத்துத் தனியார் மருத்துவமனையில் தேசியத் தேர்வு வாரியத்தின் டிஆர்என்பி பட்டத்துக்குச் சேர்வதா? (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அன்புள்ள டாக்டர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கு மட்டும் இருக்கிற குறை இல்லை. மருத்துவ மாணவர்களுக்கு நரம்பியல் மேல் வரும் பயத்துக்கு 'நியூரோஃபோபியா' என்று 1994லேயே பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார் ரால்ஃப் ஜோஸஃபோவிச் என்கிற அமெரிக்கப் பேராசிரியர். மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் அமைப்பை முதலாண்டில் மனப்பாடம் செய்கிறோம். நோயாளியைப் பார்ப்பதோ அதற்குப் பல வருடம் கழித்து. இரண்டையும் சேர்த்துக் காட்ட ஆளில்லாவிட்டால் பயம் தங்கிவிடுகிறது. டி.எம். படிப்பு என்பதே அந்த இரண்டையும் சேர்த்துக் காட்டுகிற 3 வருடம்தான்.

பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். வயது நாற்பதுக்குள். வீட்டிலேயே இட்லி சுட்டு விற்பவர். கையில் பிடி இல்லை, பாத்திரம் நழுவுகிறது என்று வந்தார். கேஸ் ஷீட்டில் "இரு கைகளிலும் பலவீனம், நரம்புக் கடத்தல் சோதனை தேவை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். ரவுண்ட்ஸில் பேராசிரியர் அந்த ஷீட்டைத் திறக்கவே இல்லை. அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய தீக்காயத் தழும்புகள், ஏழெட்டு இருக்கும். "குண்டானை இறக்கும்போது சுடவே இல்லையாம்மா?" என்றார். "கொப்புளம் வந்தப்புறம்தான் சார் தெரியும்." பஞ்சால் தொட்டால் உடனே சொன்னார். ஊசி முனை குத்தினால் மழுங்கலாக இருக்கிறது என்றார். டியூனிங் ஃபோர்க்கின் சில்லிட்ட தண்டைத் தோளிலிருந்து விரல்வரை வைத்துப் பார்த்தால் எங்குமே குளிர்ச்சி தெரியவில்லை. தொடுவுணர்வு இருக்கிறது, சூடும் வலியும் இல்லை. அப்படியானால் கோளாறு கையில் இல்லை, கழுத்துத் தண்டுவடத்தின் நடுவில். சிரிங்கோமயிலியா, தண்டுவடத்துக்குள் நீர் தேங்கிக் குழி விழுகிற நோய். அந்த நாளில் எம்ஆர்ஐ எடுத்து வர எங்களுக்கு 12 நாள் ஆனது. பேராசிரியர் சொன்ன இடத்திலேயே நீர்க்குழல் போல் வெள்ளையாகத் தெரிந்தது.

நான் கேட்டிருந்த சோதனையில் பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது. அதை வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பியும் இருப்பேன். இன்றைக்கும் அந்த விரல்கள் கண் முன்னால் நிற்கின்றன.

ஆக, எல்லாம் ஸ்கேனே சொல்லும் என்கிற உங்கள் சீனியரின் பேச்சை நான் ஏற்கமாட்டேன். எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் ஸ்கேன் பதில் சொல்லும். நம் ஊர் உதாரணம் ஒன்று பாருங்கள். இளம் வயதிலேயே கை கால் மெலிந்து, முகத் தசை தளர்ந்து, காதும் கேளாமல் போகிற ஒரு நோயை 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்' என்று உலகப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டி 1970ல் எழுதியவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி மூவரும். மனிதத் தலையை சி.டி. ஸ்கேன் முதன்முதலில் படம் பிடித்தது 1971 அக்டோபரில், லண்டனில். அதாவது ஸ்கேனே இல்லாத காலத்தில், ஓபி வரிசையில் உட்கார்ந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தது அது.

குணப்படுத்த முடியாது என்ற பேச்சு ஒரு காலத்தில் பாதி உண்மை. இன்று அப்படிச் சொன்னால் கோபம் வருகிறது. வலிப்பு உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர்வரை சரியான மருந்தில் வலிப்பே இல்லாமல் வாழ முடியும். இன்னமும் அவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருக்கிறோம். ஜிபிஎஸ் (கை கால் நரம்புகள் திடீரெனச் செயலிழக்கும் கில்லன் பாரி நோய்) வந்து வென்டிலேட்டரில் கிடந்தவர் நடந்து வீட்டுக்குப் போவதை நீங்களே மெடிசின் வார்டில் பார்த்திருப்பீர்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேர அவகாசம் உண்டு. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் கட்டியை உள்ளே போய் இழுத்தெடுக்கிற சிகிச்சை பலன் தருகிறது என்பது 2015ல் வந்த ஆய்வுகளில் ஐயமில்லாமல் உறுதியானது. 2018லிருந்து, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம்வரைகூட அதைச் செய்யலாம் என்றாகிவிட்டது.

இதிலும் பயிற்சி எங்கே வேலை செய்கிறது என்று சொல்கிறேன். விடிகாலை 6.40க்கு ஒருவரைக் கொண்டு வருகிறார்கள். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. "அஞ்சரைக்கு எழுந்து பார்த்தேன், வாய் கோணியிருந்தது. ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார்" என்கிறார் மனைவி. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. பத்து மணி என்றால் கதவு மூடிவிட்டது. எம்ஆர்ஐ பார்த்து முடிவெடுக்கும் வழி இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அங்கே சி.டி. மட்டும்தான். டியூட்டியில் இருந்த இரண்டாம் வருட ரெசிடென்ட் பெண் விடவில்லை. "நடுவுல எழுந்தாராம்மா? பாத்ரூம் போனாரா? உங்க தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்?" அந்த அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "நாலேகாலுக்கு மோட்டார் போட எழுந்தாரே! தண்ணி கம்மியா வருதுன்னு திட்டிட்டு வந்து படுத்தார்." திட்டினார் என்றால் பேச்சு இருந்திருக்கிறது. மோட்டார் போட்டார் என்றால் கை இருந்திருக்கிறது. 8.45 வரை நேரம் இருக்கிறது. சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. 7.20க்கு ஊசி போட்டாயிற்று. பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்க வேண்டும் என்பது ராத்திரி டியூட்டி பார்த்தால்தான் வரும்.

குணமாகாத நோய்களும் இருக்கின்றன, மறைக்கவில்லை. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் மெல்ல அழிகிற மோட்டார் நியூரான் நோயில் இன்றும் நம்மால் அதிகம் செய்ய முடிவதில்லை. முதலாண்டில் அப்படி ஒருவரிடம், வராந்தாவில் நின்றபடி, நாலு பேர் கடந்து போகும்போது நோயின் பெயரைச் சொன்னேன். அவர் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டுப் போனார், திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு நாற்காலி போட்டு உட்காராமல், வீட்டார் ஒருவர் பக்கத்தில் இல்லாமல், நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. எங்கே சேர்ந்தாலும், இப்படிச் சொல்லும்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

சரி, எங்கே சேர்வது? டி.எம்.மும் டிஆர்என்பியும் எம்.டி.க்குப் பிறகு 3 வருடம்தான், இரண்டுமே முறையான பட்டம். என் விருப்பத்தைக் கேட்டால், கூட்டம் இருக்கிற அரசு மருத்துவமனை. காசநோய் மூளைக்காய்ச்சல், கட்டுவிரியன் கடித்து இமை தொங்கி வருபவர், மூளையில் நாடாப்புழுக் கட்டி, உடலில் செம்பு சேர்ந்துவிடுகிற வில்சன் நோய்ப் பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே மாதத்தில் அங்கே வந்துவிடும். ஆனால் கூட்டம் மட்டும் போதாது. ஒரு ஓபியில் நூறு பேருக்குச் சீட்டு எழுதித் தள்ளுவது பயிற்சி ஆகாது. தனியார் இடம் என்றால் கட்டி இழுக்கும் சிகிச்சை, வீடியோ இஇஜி (வலிப்பைப் படம் பிடித்தபடியே மூளையின் மின்னோட்டத்தைப் பதிவது), நரம்பியல் ஐசியூ எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம். அங்கே கேட்க வேண்டியது வேறு: நோயாளியை முதலில் பார்த்து முடிவு சொல்ல ரெசிடென்டை விடுகிறார்களா, இல்லை கன்சல்டன்ட் சொன்னதை எழுதிக்கொள்ள மட்டும்தானா? இஇஜியும் நரம்புக் கடத்தல் சோதனையும் உங்கள் கையால் செய்ய விடுவார்களா, ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டுமா? இதையெல்லாம் அங்கே இப்போது இறுதியாண்டு படிப்பவரிடம் கேளுங்கள், நிர்வாகத்திடம் வேண்டாம். அரசு இடம் என்றால் படிப்பு முடிந்ததும் அரசுப் பணி செய்வதாக எழுதித் தரும் பாண்ட் நிபந்தனையை வரி விடாமல் படியுங்கள். எத்தனை வருடம், விலகினால் எவ்வளவு என்பதை அப்பாவுக்கும் காட்டிவிடுங்கள். நிம்ஹான்ஸ், எய்ம்ஸ், ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா போன்றவற்றுக்கு ஐஎன்ஐ எஸ்.எஸ். என்று தனித் தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை. எழுதாமல் இருந்தால் எழுதிப் பாருங்கள்.

கல்யாணத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன், அது உங்கள் விஷயம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெண் பார்க்க வருகிறவரிடம், முதல் இரண்டு வருடம் ராத்திரி டியூட்டி எப்படி இருக்கும், தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாமல் போகலாம் என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால் "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்று முடித்துவிடுவார்கள். படிப்பின் நடுவில் குழந்தை பெற்றவர்கள் என் மாணவிகளில் மூன்று பேர். மகப்பேறு விடுப்பு உரிமை, சலுகை இல்லை. படிப்பு சில மாதம் நீண்டது, அவ்வளவுதான். மூவரும் இன்று நல்ல நியூராலஜிஸ்ட்கள்.

கேஸ்ட்ரோ மோசமான படிப்பில்லை, மனசு அங்கே இருந்தால் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன். உங்கள் மனசு எங்கே என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலை லாக் செய்ய இன்னும் நாள் இருக்கும். அதற்குள் இரண்டு மூன்று இடங்களுக்குக் காலை எட்டு மணிக்குப் போய், அனுமதி கேட்டு, ரவுண்ட்ஸில் கூட்டத்துக்குப் பின்னால் நில்லுங்கள். கட்டிலருகே வந்ததும் பேராசிரியர் முதலில் ஸ்கேன் கவரைக் கேட்கிறாரா, நோயாளியின் கையைப் பிடிக்கிறாரா என்று பாருங்கள்.