பூவை முகர்ந்து பார்க்கும் அம்மா

கேள்வி: எனக்கு வயது 41. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை), மூச்சு முட்டுகிறது. விடுமுறை கிடைத்தால் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போய்விடுவேன். குனோங் தாஹான் மலையை இரண்டு முறை ஏறியிருக்கிறேன். காட்டுக்குள் போனால்தான் மனம் அடங்குகிறது. இந்தத் தீபாவளிக்கு நண்பர்களோடு பெலும் காட்டுக்குப் போக முன்பணமும் கட்டிவிட்டேன். மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 70 வயது அம்மாவும் போகாதே என்கிறார். இவர் அந்தக் காலத்தில் தோட்டத்தில் மகரந்தத் தூள் தூவும் வேலை செய்தவர். இன்றும் காலையில் பின்னால் உள்ள செம்பனைப் பூவை முகர்ந்துவிட்டு வருவார், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். என் ஆசை தவறா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது ஒரே சொல்: சிரிப்பாக இருக்கும்.

தம்பி, செம்பனை ஆப்பிரிக்க மரம். அது இங்கே வந்தபோது அதன் பூவை நாடும் பூச்சி கூடவே வரவில்லை. ஆண்பூவின் தூளைப் பெண்பூவுக்குக் கொண்டு சேர்க்க மனிதக் கை தேவைப்பட்டது. மட்டை முள் கீறக் கீற, மரம் மரமாக நம் பெண்கள் செய்த வேலை அது. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி மணியில் பாதி இருக்கும். உங்கள் அம்மாவின் வேலையை அதுதான் எடுத்துக்கொண்டது.

அவர் முகர்வது அந்த வண்டை இழுக்கும் வாசனையை. மலர்ந்த ஆண்பூ சோம்பு மணக்கும். விரல் விரலாகப் பிரிந்த அந்தப் பூவைத் தட்டினால் உள்ளங்கையில் கரும்பொட்டுகளாக வண்டுகள் உதிர்ந்து, விரலிடுக்கில் ஊர்ந்து நுழையும். அந்த மரங்களை நாள்தோறும் சலித்துக்கொள்ளும் உங்களுக்கு இது தெரியுமா? 41 வருடத்தில் ஒரு நாளாவது, "என்னம்மா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டதுண்டா?

தோட்டத்தைக் காடு என்று நான் சொல்ல மாட்டேன். காட்டை அழித்துத்தான் தோட்டம் போட்டார்கள். தாமான் நெகாராவின் 4,343 சதுர கிலோமீட்டருக்கு ஈடு கிடையாது. அங்கே போகும் உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் யாருக்கும் அடங்காத உயிர் உங்கள் பின்வாசலிலும் இருக்கிறது. வெட்டிய மட்டையின் அடியில், பிடி மண் இல்லாமலே பெரணி தழைக்கிறது. எலியைப் பிடிக்கும் கூகைக்காகத் தோட்டத்தில் வைக்கும் பெட்டிகளில் அது குஞ்சு பொரிக்கிறது. குனோங் தாஹானின் 2,187 மீட்டர் ஏறிய கால்களுக்கு ஐம்பது அடி நடக்கத் தோன்றவில்லையே!

தீபாவளி விடியலில் பெற்ற தாய் எண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருக்க, மகன் கூடாரத்தில் படுத்திருப்பதை எந்தக் காட்டின் பெயரைச் சொல்லியும் என்னால் ஏற்க முடியாது. மனைவியின் மௌனத்துக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெலும் எங்கும் ஓடிவிடாது. முன்பணம் போனால் போகட்டும்.

அன்று காலை அம்மா கையால் எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, மனைவி பிள்ளைகளோடு அவர் பின்னால் போங்கள். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், நாகம் இருக்கும். அவர் காட்டும் பூவில் முதலில் நீங்கள் மூக்கை வையுங்கள். அடுத்த முறை தாமான் நெகாராவுக்குப் போகும்போது அம்மாவுக்கும் ஓர் இடம் பதிவு செய்யுங்கள். தெம்பெலிங் ஆற்றில் படகு போகிறது. அவர் மலை ஏற வேண்டியதில்லை.