அழுதபோது ஓடி வந்தவள், ஜெயித்தபோது ஏன் ஒதுங்குகிறாள்?

வணக்கம் மேடம்,

எனக்கு ஒரு தோழி. கல்லூரி விடுதியில் ஒரே அறை. இருவரும் கதை எழுதுவோம், எழுதியதும் முதலில் ஒருவருக்கொருவர்தான் படித்துக் காட்டுவோம். என் கணவர் என்னை விட்டுப் போன சமயத்தில் தாங்கிப் பிடித்தது அவள்தான். கையில் காசில்லாதபோது கேட்காமலே அனுப்பினாள், நான் தூங்காத ராத்திரிகளில் அவளும் போனில் விழித்திருந்தாள். அப்படிப்பட்டவளிடம் சமீபத்தில் என் முதல் சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "அட்டை இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணியிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். ஒரு கதையைப் பற்றிக்கூட இன்றுவரை பேசவில்லை. வெளியீட்டுக்கும் தலைவலி என்று வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் பாராட்டுகிறார்கள், இவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் எமோஜி! அவளும் எழுதுகிறவள்தான், இப்போது அதிகம் எழுதுவதில்லை என்று நினைக்கிறேன். ஆபத்தில் உதவுகிறவனே நண்பன் என்பார்களே, அப்படியானால் இவள் யார்? நான் கஷ்டப்பட்டதைப் பார்த்து உள்ளுக்குள் நிம்மதிப்பட்டாளோ என்றுகூடத் தோன்றுகிறது. இந்த நட்பை முறித்துக்கொள்ளலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தக் கடைசிச் சந்தேகத்தைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் கஷ்டத்தில் நிம்மதி காண்கிறவர் விடிய விடிய போனில் உட்கார்ந்திருக்க மாட்டார். அன்றைய பாசம் உண்மை. இன்றைய புழுக்கமும் உண்மை. மனித மனதில் இரண்டுக்கும் இடம் உண்டு.

ஆபிரகாம் டெஸ்ஸர், ஜோனதன் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நண்பர்களை வரவழைத்து, சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு வைத்தார்கள். ஒருவர் குறிப்புக் கொடுக்க வேண்டும், எதிரில் இருப்பவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் சில சமயம் நண்பர், சில சமயம் முன்பின் தெரியாதவர். எளிய குறிப்பா, கடினமான குறிப்பா என்பது கொடுப்பவர் இஷ்டம். இது வெறும் விளையாட்டு என்று சொல்லப்பட்டவர்கள் தங்கள் நண்பருக்குத்தான் அதிகம் உதவினார்கள். இது உங்கள் அறிவுத்திறனைக் காட்டும் தேர்வு என்று சொன்னதும் கதை மாறிவிட்டது. முன்பின் தெரியாதவருக்கு எளிய குறிப்பு, நண்பருக்குக் கடினமானது!

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரோ ஒருவரின் வெற்றி நம்மை அளப்பதில்லை. கூடவே வளர்ந்தவர், நாம் உயிராக நினைக்கும் அதே விஷயத்தில் முன்னே போகும்போதுதான் 'அப்போ நான்?' என்ற கேள்வி எழுகிறது. நம்மைப் போன்றவர்களோடுதான் நாம் நம்மை ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதிவிட்டார். உங்கள் தோழி கதை பக்கமே போகாமல், கணக்கு வழக்கு பார்க்கிற வேலையில் இருந்திருந்தால், உங்கள் புத்தகத்தைப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் நீட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் அழுதபோது அவர் கொடுக்கிற இடத்தில் இருந்தார், அவரால் உங்களுக்கு ஆக வேண்டியது நிறைய இருந்தது. இப்போது புத்தகம் வந்துவிட்டது, பாராட்டும் வருகிறது, அவர் எங்கே நிற்பது? பாவம், சட்டென்று கண்ணில் பட்டது அட்டைதான்.

அதற்காக உங்கள் வலி சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஷெல்லி கேபிள் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் காதலர்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், கெட்ட செய்தியைத் துணைவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைவிட, நல்ல செய்தியை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் அந்த உறவின் நலத்தோடு அதிகம் சேர்ந்து போனது. உங்கள் சந்தோஷத்தை அவர் கொண்டாட வேண்டும் என்று நீங்கள் ஏங்குவது நியாயம்தான்.

சரி, என்ன செய்யலாம்? "உனக்குப் பொறாமையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உலகத்தில் யாரும் அதற்கு ஆமாம் சொன்னதில்லை. "ஏதோ அதிர்ஷ்டம்ப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று உங்கள் உழைப்பை நீங்களே மட்டம் தட்டவும் வேண்டாம். அவர் புத்திசாலி, தன்மேல் இரக்கப்படுகிறீர்கள் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார், அது இன்னும் சுடும். கைதட்டலை மற்றவர்களிடமிருந்து மனதார வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆள் தர வேண்டும் என்று எதிர்பார்த்தால் எந்த உறவும் மூச்சு முட்டிப்போகும்.

நட்பை முறிப்பதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். அவர் வெளியே உங்களைப் பற்றித் தப்பாகப் பேசுகிறார், வருகிற வாய்ப்பைக் கெடுக்கிறார் என்றால் அது வேறு, அப்போது விலகுவதுதான் சரி. நீங்கள் சொன்னதில் அப்படி எதுவும் இல்லை.

அப்புறம், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு வரி. அவர் "இப்போது அதிகம் எழுதுவதில்லை என்று நினைக்கிறேன்." எழுதியதை முதலில் உங்களிடம்தான் படித்துக் காட்டுவார் என்கிறீர்கள், ஆனால் இப்போது எழுதுகிறாரா இல்லையா என்பதே உங்களுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கதை நின்றுபோனதா, எழுதியது எங்காவது திரும்பி வந்ததா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா? ஒருநாள் நேரில் போங்கள், உங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் உட்கார்ந்து, "நீ கடைசியா என்ன எழுதின, எனக்குப் படிச்சுக் காட்டேன்" என்று கேளுங்கள். படித்தால் முழுசாகக் கேளுங்கள். எதுவும் இல்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை இருங்கள்.