வியன்னா - புடாபெஸ்ட்: அந்த 215 கிலோமீட்டரை நம்பாதீங்க

மேப்ல 215 கிலோமீட்டர் காட்டுது, ரெண்டு மணி நேரத்துல போயிடலாமா, மதியம் 2 மணிக்கு புடாபெஸ்ட்ல ஃப்ளைட்னு கேட்டிருந்தீங்க. அது நேர்கோட்டு தூரம்ங்க, ரோடுல கிட்டத்தட்ட 240 வரும். ட்ரெயின்ல போங்க, அதான் நல்லது, வியன்னா மெயின் ஸ்டேஷனான ஹாப்ட்பான்ஹோஃப்ல ரெயில்ஜெட்ங்கிற வேக ட்ரெயின் ஏறினா சுமார் 2 மணி 40 நிமிஷத்துல புடாபெஸ்ட்ல கெலெட்டி ஸ்டேஷன்.

ஆனா கெலெட்டி ஊருக்குள்ள இருக்கு, ஏர்போர்ட் தென்கிழக்கு ஓரத்துல, அதனால மெட்ரோ எம்2 பிடிச்சு டேயாக் சதுக்கம் போய் அங்கேர்ந்து ஏர்போர்ட் போற 100ஈ பஸ், அது ட்ராஃபிக் இல்லாட்டியே 40 நிமிஷம், நடக்குறது காத்திருக்கிறது எல்லாம் சேர்த்தா ஒரு மணி நேரத்துக்கு மேல வச்சுக்கோங்க. காலைல 7 மணிவாக்குல கிளம்புற வண்டிதான் பாதுகாப்பு, அடுத்ததுக்கு ஆசைப்படாதீங்க, லேட்டானா ஃப்ளைட் போச்சு. சீட் ரிசர்வேஷன் கட்டாயமில்லதான், ஆனா பெட்டியோட நின்னுட்டு வர்றது ரொம்ப கஷ்டம், போட்டுடுங்க.

வாடகை கார் வேணாம், மோட்டார்வேக்கு ஆஸ்திரியா, ஹங்கேரி ரெண்டு நாட்டுலயும் தனித்தனி விக்னெட் (டோல் பாஸ்) வாங்கணும், வேற நாட்டுல வண்டிய விட்டா சார்ஜும் அதிகம். ரெண்டுமே ஷெங்கன் நாடுதான், அதாவது வழக்கமா எல்லைல பாஸ்போர்ட் செக் இல்லாத நாடுகள், இருந்தாலும் பாஸ்போர்ட்ட கைல வச்சுக்கோங்க, ட்ரெயின்ல போலீஸ் செக் பண்ணலாம்.